மண்வாசனை யாருக்கு?

பாமாவின் 'கருக்கு' (1992), இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இரண்டையும் 'மண்வாசனை மிக்க எழுத்து' என்று பாராட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். 1983இல் பாரதிராஜா படத்துக்கே வைத்த பெயர் அது. வரப்புல நின்னு மோந்து பாக்குறவனுக்கு அது வாசனைதான். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சர்க்கரை ஆலை உள்ள எங்கள் நெல்லிக்குப்பத்தில், கரும்பு வெட்டப் போகிற சனத்தைக் கேளுங்கள்: சோகை அறுக்கும், சுணை அரிக்கும். ராத்திரி தூக்கம் வராது. பாமா இதற்கு வாசனை தேடவில்லை. பனைமட்டையின் பல்லைத் தலைப்பாக்கினார்.

'மலரும் நினைவுகள்', 'பாரம்பரியம்' எல்லாம் இதே வகையறாதான். கூழுக்கும் இப்ப அந்தப் பட்டம் கிடைச்சிருக்கு, குடிச்சவனுக்குக் கிடைக்கல.

ஆனால் ஆரோக்கியமும் அந்தக் காலத்தை நினைத்து அழுகிறாளே? சேரிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணாத்தி அவள். அவள் வாயில் 'அந்தக் காலம்' என்றால் களத்து நெல், ராச்சோறு. கூலி போச்சேங்கிற கணக்கு அது. அதைப் பழமை ஏக்கம் என்று விமர்சகன் எழுதினால் கணக்கே அழிந்துவிடும். நாமும் அந்தப் பக்கங்களை வேகமாகத் தாண்டுகிறோம். அவளுக்கு அளந்ததைக் குறைச்சது மேலத்தெரு இல்ல, நம்ம தெரு.