திருப்பொருளும் இசைப்பணியும்: ஆர்தர் சல்லிவன் குறித்து ஒரு மதிப்பீடு

திருமறையிலிருந்து பொருளை எடுத்துக்கொண்ட காரணத்தினாலேயே ஒரு கலைப்படைப்பு புனிதமாகிவிடுமா? மக்களை நகைக்கச் செய்வதாலேயே மற்றொன்று இறைவனுக்குப் புறம்பானதாகிவிடுமா? இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஆங்கிலேய இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவனின் வாழ்வும் பணியும் தக்க சான்றாக அமைகின்றன.

1842இல் லண்டன் மாநகரின் லாம்பெத் பகுதியில், பின்னாளில் இராணுவ இசைக்குழுத் தலைவராயிருந்த ஒருவரின் மகனாகப் பிறந்த சல்லிவன், திருச்சபையின் மடியில் இசை பயின்றவர். 1854இல் அரச சிற்றாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தார். 1856இல் மெண்டல்சன் பெயரால் நிறுவப்பட்ட உதவித்தொகையை முதன்முதலாகப் பெற்று, பின்னர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கற்றுத் தேர்ந்தார். லண்டன் ஆலயங்கள் இரண்டில் 1861 முதல் 1872 வரை ஆர்கன் வாசித்தார். 'கெட்ட குமாரன்' (1869), 'உலகத்தின் ஒளி' (1873) ஆகிய ஓரட்டோரியோக்களை இயற்றினார். பல ஞானப்பாட்டுகளுக்கு மெட்டமைத்தார்.

ஆயினும் உலகம் அவரை நினைவுகூருவது டபிள்யூ. எஸ். கில்பர்ட்டுடன் சேர்ந்து படைத்த 14 நகைச்சுவை இசைநாடகங்களுக்காகவே. அவற்றுள் 'மிக்காடோ' (1885) தன் முதல் அரங்கேற்றத்திலேயே 672 முறை நடிக்கப்பெற்றது. 1883இல் 'சர்' பட்டம் பெற்றபோது, பட்டம் பெற்றவர் இனி இத்தகைய எளிய வேலையில் இறங்கலாகாது என இசை விமரிசகர் சிலர் கண்டித்தனர். சல்லிவனும் அதனைப் பெரிதும் நம்பினார் எனலாம். உயர்ந்த கலை என்று கருதி 1891இல் 'ஐவன்ஹோ' என்னும் பெரும் இசைநாடகத்தை அளித்தார். அது தொடக்கத்தில் நன்கு ஓடியும் அரங்கில் நிலைபெறவில்லை. அவருடைய ஓரட்டோரியோக்களும் இன்று அரிதாகவே பாடப்படுகின்றன. நகைச்சுவை நாடகங்களோ வாழ்கின்றன.

இதனை மக்களின் மலிவான சுவை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது நேர்மையான தீர்ப்பாகாது. கில்பர்ட்டின் பாடல்களை எடுத்துக்கொண்டால், சல்லிவன் முதலில் சொற்களின் சந்தத்தையே பல வகையாக வகுத்துப் பார்ப்பார். பொருத்தமான சந்தம் அமைந்த பின்னரே மெட்டைத் தேடுவார். சொல்லுக்குப் பணிவிடை செய்யும் இவ்வொழுக்கம் 'உலகத்தின் ஒளி'யில் தளர்ந்து காணப்படுகிறது. அங்கே மெண்டல்சனிடமிருந்து பெற்ற இனிய நடை, பொருளின் பாரத்தைத் தாங்காமல் அதன்மேல் வழுவிச் செல்கிறது. பயபக்தி நிரம்ப இருந்தும் போராட்டம் இல்லை.

இதற்கு மாறாக, 'பென்சான்ஸ் கடற்கொள்ளையர்' (1879) என்னும் நாடகத்தில் கேலிக்கு நடுவே அனைவரும் முழங்காற்படியிட்டு, வாத்தியத் துணையின்றிக் கவிதையைப் போற்றிப் பாடும் ஓர் இடம் உண்டு. சூழ்நிலை நகைப்புக்குரியது, இசையோ ஆலயத்தில் வளர்ந்த பிள்ளையின் இசை. 'கெட்ட குமாரனி'லும் இத்தகைய மெய்ம்மை உண்டு. இளைய மகனை இயல்பிலேயே கொடியவனாகக் கொள்ளாமல், வீட்டின் சலிப்பைத் தாங்காத துடிப்புள்ள இளைஞனாகவே சல்லிவன் கண்டார். மனிதனைக் கண்ட இடத்தில் அவருடைய இசை உயிர்பெறுகிறது. மரியாதைக்காக எழுதிய இடத்தில் வாடுகிறது.

இனி, நம் சபைகளும் நன்கறிந்த ஒரு மெட்டைக் கருதுவோம். கிறிஸ்தவ வீரரை முன்னேறி நடக்க அழைக்கும் பாடலை, யார்க்‌ஷயரின் ஹார்பரி கிராமத்துப் பிள்ளைகளின் பவனிக்காக 1865இல் சபைன் பேரிங்-கூல்ட் எழுதினார். 1871இல் சல்லிவன் அதற்கு அமைத்த அணிநடை மெட்டே அதனை உலகெங்கும் கொண்டுசென்றது. பின்னர் போயர் யுத்தத்தின் முடிவைக் கொண்டாடுவதற்கென 1900இல் தாம் எழுதிய துதிப்பாடலில் அதே மெட்டைச் சல்லிவன் பின்னினார். அவர் அவ்வாண்டு நவம்பர் 22இல் மறைந்தபின், 1902இல் அது லண்டன் தூய பவுல் பேராலயத்தில் பாடப்பட்டது. சிறுவரின் பவனிப் பாட்டு பேரரசின் வெற்றி முழக்கத்தில் இடம்பெற்றது. சொற்கள் சிலுவையைப் பேச, தாளம் படையின் நடையைப் பேசியதால் அம்மாற்றம் எளிதாயிற்று. இங்கு கைத்திறனில் குறைவில்லை. அத்திறன் எதனைச் சுமக்கிறது என்று கேட்பாரே இல்லை.

ஆகவே சல்லிவனின் வாழ்வைத் திறமையைச் சிற்றின்பத்தில் வீணாக்கியவனின் கதையாக நாம் பிரசங்கிப்பது தகாது. திருப்பொருள் எந்தக் கலைஞனையும் உழைப்பினின்று விடுவிப்பதில்லை. எந்த ஆயரையும் சோதித்தறியும் கடமையினின்று விடுவிப்பதுமில்லை. பிரசங்க வாக்கியத்தின் உபதேசத்தை நிறுத்துப் பார்க்கும் நாம், அதன் முன்னும் பின்னும் சபையார் பாடும் மெட்டு அவர்களை எத்திசையில் நடத்துகிறது என்று எண்ணிப் பார்க்கிறோமா? பிரசங்கம் மறந்துபோன பின்னரும் விசுவாசியின் உதட்டில் தங்கியிருப்பது அந்த மெட்டே. அதனைத் தெரிந்தெடுப்பதும் வார்த்தையின் ஊழியமே.