கிழிந்த புத்தகமும் கிழியாத புத்தகமும்

பள்ளிக்கூடத்து நூல்நிலையத்திலிருந்து பழைய புத்தகங்களைக் கழிக்க வேண்டும் என்றால் நம்மில் பலருக்கு மனசு சுருக்கென்கிறது. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். சரஸ்வதி பூஜையன்று அடுக்கி வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, அந்த ஒரு நாள் படிக்காமல் இருக்கிறோம். எனக்குத் தெரிந்த அநேகப் பள்ளிக்கூடங்களில் புத்தக பீரோவுக்கு வருஷம் முழுவதுமே சரஸ்வதி பூஜைதான்.

கழிப்பதற்கு நான் விரோதியல்ல. கழித்தே தீரவேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவன். ஆனால் நம்மிடம் கழிந்து போகிறவை கழிக்கக்கூடாத புத்தகங்கள். கழிக்க வேண்டியவை பீரோவுக்குள் சௌக்கியமாக இருக்கின்றன. என் புகார் இதுதான்.

திருமயம் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். அங்கே கழிவுப் பட்டியல் ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. தெனாலிராமன் கதை, விடுகதைப் புத்தகம், பேய்க்கதை ஒன்று, 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே காரணம்: 'சிதிலம்'. பீரோவில் மிஞ்சியிருந்தவற்றையும் பார்த்தேன். யாரோ ஒரு பிரமுகரின் சொற்பொழிவுத் தொகுதி, ஒரே தலைப்பில் பதினொரு பிரதிகள். சோவியத் யூனியன் முழு உருவத்தோடு விளங்கும் தேசப்படம். ஒன்பது கிரகங்களை எண்ணிக் காட்டும் வானசாஸ்திரம். இவற்றின் முதுகு விறைப்பாக இருந்தது. பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. ஆகவே இவை நல்ல நிலையில் உள்ளவை. சோவியத் யூனியன் 1991-இல் போய்விட்டது. புளூட்டோவைக் கிரக வரிசையிலிருந்து எடுத்தது 2006-இல். பதிவேட்டுக்கு அது தெரியவேண்டிய அவசியம் இல்லை.

புத்தகம் எப்படிக் கிழிகிறது? பெஞ்சுக்கு அடியில் வைத்துப் படிப்பதால், தம்பி பிடுங்குவதால், சாப்பிடுகிறபோது விரித்து வைப்பதால் கிழிகிறது. பள்ளிக்கூடத்தில் செல்லும் இராமபாணமும் அரித்ததைவிடப் பிள்ளைகள் அரித்தது அதிகம். இப்படிக் கிழிந்த புத்தகத்தை எடுத்துவிட வேண்டியதுதான். பாதிக் கதையோடு நிற்கும் நாவலைப் போல் வாசகனை வதைப்பது வேறில்லை. ஆனால் எடுத்த இடத்தில் அதே புத்தகத்தின் புதுப் பிரதி வரவேண்டும். கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமையாகிப் பல பதிப்பகங்கள் மலிவாகப் போடுகின்றன, கிடைப்பதில் கஷ்டமில்லை. இருந்தும் வருவதில்லை. புத்தகம் 'சிதிலம்' என்று எழுதப்பட்டதோடு அதன் கதை முடிகிறது. பிள்ளைகள் விரும்பியது எது என்று காட்டிய ஒரே சாட்சியம் எடைக்குப் போய்விடுகிறது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூல்நிலையத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஐந்தாவது விதிப்படி நூல்நிலையம் வளரும் உயிர். உயிர் என்றால் புதியதை ஏற்கவும் வேண்டும், பழையதைத் தள்ளவும் வேண்டும் என்று அவரே விளக்கியிருக்கிறார். முதல் விதியோ புத்தகம் உபயோகத்துக்கு என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் குறைவு. உபயோகமாகாததைத் தள்ளு என்பதுதான் அதன் பொருள்; உபயோகமாகித் தேய்ந்ததை மட்டும் தள்ளிவிட்டு உட்கார் என்பதல்ல.

உபாத்தியாயரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவர் தமிழோ கணக்கோ நடத்துகிறவர். நூல்நிலையம் அவர் தலையில் வைத்த கூடுதல் சுமை. ஒரு புத்தகம் குறைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பூட்டி வைத்தால் குறையாது. இந்த விஷயத்தில் சர்க்கார் விதி நாம் நினைக்கிற அளவுக்குக் கொடுமையானதல்ல என்பது வேடிக்கை. மத்திய சர்க்காரின் 2017-ஆம் வருஷத்துப் பொது நிதி விதிகளைப் பாருங்கள். வருஷத்தில் வாசகருக்கு வழங்கிய ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வரை தொலைந்தால், நாணயக்குறைவோ அசட்டையோ காரணமாக இல்லாத பட்சத்தில், அது நியாயமான நஷ்டம் என்று ஒப்புக்கொள்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ளதும் அபூர்வமானதும் தொலைந்தால்தான் கட்டாய விசாரணை. இது மத்திய அலுவலகங்களுக்கு எழுதிய விதி என்றாலும், அதில் இருக்கும் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். கணக்கு, இருக்கும் புத்தகத்துக்கல்ல, வழங்கிய புத்தகத்துக்கு. நிறைய வழங்கினவனுக்கு நிறையச் சலுகை. ஒன்றுமே வழங்காதவனுக்கு ஒரு புத்தகம் தொலைக்கவும் உரிமை இல்லை! கணக்குப் பிள்ளைகள் எழுதிய வாசகத்தில் இவ்வளவு இலக்கிய ரசனை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நம்மைப் பயமுறுத்துகிற இன்னொன்று உ. வே. சாமிநாதையர் சொன்ன கதைகள். கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகக் கேட்டு அவர் துடித்ததைப் படித்த எவனுக்கும் ஒரு காகிதத்தைக்கூட எறியக் கை வராது. ஆனால் ஏடு வேறு, அச்சுப் புத்தகம் வேறு. ஆயிரம் பிரதி அச்சான பாடநூல் ஒரு பள்ளியில் போனால் உலகத்திலிருந்து போய்விடாது. 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி வெளியாகிற ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சென்னைக் கன்னிமரா நூல்நிலையத்துக்குப் போகவேண்டும். காப்பாற்றுவது அதன் காரியம். பள்ளிக்கூடத்தின் காரியம் படிக்க வைப்பது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. விஞ்ஞானமும் பூகோளமும் பழசானால் பொய்யாகிவிடும், தயங்காமல் எடுத்துவிடலாம். கதை பழசானால் பொய்யாவதில்லை. வை. மு. கோதைநாயகியின் நூற்றுப் பதினைந்து நாவல்களில் பலவற்றை இன்று தேடி அலையவேண்டியிருக்கிறது. யாரும் சீந்தாததால் வந்த நிலை அல்ல அது. வீடு வீடாகக் கைமாறித் தேய்ந்தே போயின. அவற்றின் இலக்கியத் தரத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆனால் தமிழ்ப் பெண்கள் எதைப் படித்து நாவல் வாசகர்கள் ஆனார்கள் என்று தெரிந்துகொள்ள வேறு எங்கே போவது?

உள்ளூர்ச் சரக்கு இன்னொரு விலக்கு. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948-இல் இந்தியாவோடு இணைந்தது. 1938 முதல் 1944 வரை வெளிவந்த அந்தச் சமஸ்தானத்தின் 'மானுவல்' தொகுதிகள் காலாவதியானவையா? அதில் சொல்லும் ராஜ்யமே இல்லை. அந்த அர்த்தத்தில் காலாவதிதான். ஆனால் திருமயத்துப் பையனுக்குத் தன் ஊர்க்கோட்டையைப் பற்றியும் மலையைப் பற்றியும் இவ்வளவு விவரமாகச் சொல்ல அதைவிட்டால் ஆள் இல்லை. சத்தியமூர்த்தி 1887-இல் இந்த ஊரில்தான் பிறந்தார். அவரைப் பற்றிய பழைய சின்னப் பிரசுரம் ஒன்று வேறு ஊர்ப் பள்ளியில் குப்பையாக இருக்கலாம். இங்கே இருக்க முடியாது. பட்டியல் போடுகிறவருக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஊர் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் திருமயத்து மலையிலேயே அத்தாட்சி இருக்கிறது. அங்குள்ள சிவன் குகைக்கோயிலில், குடுமியான்மலையில் இருப்பதைப் போன்ற சங்கீதக் கல்வெட்டு ஒன்று இருந்தது. பெரும்பகுதியை அழித்துவிட்டு, அதே பாறையில் பிற்காலத்தில் வேறு சாசனம் வெட்டிவிட்டார்கள். இடம் வேண்டியிருந்தது, பழைய எழுத்து யாருக்கும் புரியவில்லை, வெட்டினவர்களுக்கு அது சரியான கழிவாகவே பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். குடுமியான்மலைக் கல்வெட்டு தப்பியதால் சங்கீத சரித்திரக்காரர்களுக்கு ஏதோ மிஞ்சியது.

அச்சுப் புத்தகத்துக்குக் குடுமியான்மலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. திருமயத்திலிருந்து வடக்கே போனால் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி முதற்பதிப்புகளாகத் தேடித் தேடிச் சேர்த்த நூல்நிலையம். இருவரும் ஆசிரியத் தொழிலில் இருந்தவர்கள். அதே சாலையில் தெற்கே போனால் காரைக்குடியை எட்டுவதற்கு முன்பே கோட்டையூர். ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர் அங்கே தம் வீட்டில் பழம்புத்தகங்களையும் நோட்டீசுகளையும் குவித்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சென்னையிலேயே நூல்நிலையமாக்கியது. மற்றவர்கள் வேண்டாம் என்று கழித்ததிலிருந்துதான் இப்படிப்பட்ட சேகரங்கள் வளர்கின்றன. பள்ளிக்கூடத்துக் கழிவுப் பட்டியலின் நகல் ஒன்று, பழைய பேப்பர்காரரின் தராசு வருவதற்கு முன்னால், இத்தகைய இடங்களுக்குப் போகவேண்டும். தபால் செலவு ஒரு கவருக்கு மேல் ஆகாது.

மிச்சத்தை எடைக்குப் போடட்டும். ஆனால் அந்தப் பதினொரு பிரதிகள் முதலில் போகட்டும். கிழிந்த தெனாலிராமனுக்குப் புதுப் பிரதி வந்த அன்றைக்கு, பழைய பிரதியைத் தேதிச் சீட்டில் அதிகத் தடவை பெயர் உள்ள பிள்ளையிடம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பலாம். 'கழிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தியே கொடுக்கட்டும். அவனுக்கு அதில் ஆட்சேபம் இருக்காது.