மடிக்கணினிக்கு முன்பே நின்றுபோனவர்கள்

பள்ளிக்கூடமே முன்னின்று கல்வியை டிஜிட்டலாக்கும் என்கிற சொல்லாடல் அரசு அறிக்கைகளிலும் தொண்டு நிறுவனங்களின் துண்டறிக்கைகளிலும் ஒரே குரலில் ஒலிக்கிறது. அதில் ஆசிரியர் இருக்கிறார், திரை இருக்கிறது, 'பயனாளி' இருக்கிறார். சேரி இல்லை. காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து இதை வாசிக்கிற நமக்கு அந்த இல்லாமைதான் முதலில் உறுத்துகிறது.

இந்த ஊரில் தறியை ஒதுக்கிவைத்துவிட்டுக் கல்வியைப் பேச முடியாது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்கிறவர் ஒருவர் கையால் ஆகாது. கரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். நெடுங்காலம் அந்த ஆள் ஒரு குழந்தை. அப்பன் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை போய்க் குழித்தறியோரம் உட்காரும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்தது. ஆனாலும் 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத்தொழிலின் குழந்தைக் கொத்தடிமைகள் பற்றி அறிக்கை வெளியிட்டபோது அதில் காஞ்சிபுரம் இருந்தது. சாதியும் இருந்தது. (துளையிட்ட அட்டை வைத்த ஜக்கார்டு தறிதான் கணினிக்கு முன்னோடி என்று பாடம் நடத்துகிறார்கள். தறியடியில் இருந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் போய்ச் சேரவில்லை.)

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. நம் தெருக்கள் பலவற்றில் முதல் கணினி அப்படித்தான் நுழைந்தது. அதை இலவசம் என்று இளக்காரம் செய்த மேல்தட்டு அறிவாளிகளோடு நமக்கு உடன்பாடில்லை. நம் கேள்வி வேறு. அது மேல்நிலை வகுப்பை எட்டியவர்களுக்கு. ஐந்தாவதோடு நின்றுபோன பிள்ளை எந்த வரிசையில் நிற்கும்?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. எட்டாவது வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1இல்தான் கதவு திறந்தது. இடையில் கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியும்தான் பள்ளிக்கூடம். ஒரு அம்மா சொன்னது: "போனு ஒண்ணுதான் தம்பி. அதையும் அவங்கப்பா எடுத்துக்கினு வேலைக்குப் போயிடும். புள்ள இன்னாத்த படிக்கும்? சும்மாத்தானே கீறே, தறியாண்ட வந்து ஒக்காருன்னு சொன்னேன்."

அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமே, பள்ளி நேரம் போக மிச்ச நேரத்திலும் விடுமுறையிலும் பிள்ளை குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்கிறது. பள்ளி திரைக்குள் போய்விட்டால் எது பள்ளி நேரம், எது மிச்ச நேரம்? திரை இல்லாத வீட்டில் நாள் முழுக்க மிச்ச நேரம்தான்.

கடைசியில் அரசே 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்பியது. திரை விட்ட இடத்தைப் பெரும்பாலும் பெண்கள்தான் போய் அடைத்தார்கள்.

பள்ளி முன்னின்று நடத்தட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆசிரியர்கள் இன்று வருகையையும் செயலியில்தான் பதிகிறார்கள். வராத பிள்ளைக்கு எதிரில் ஒரு குறி விழுகிறது. அந்தப் பிள்ளை யார் வீட்டுத் தறியில், எவ்வளவு முன்பணத்துக்கு உட்கார்ந்திருக்கிறது என்று எழுத அதில் கட்டம் உண்டா?