தொப்பிப் பக்கமாய் இருந்து கேளுங்கள்

திருவிழாவில் தவில் சமா என்னும் கச்சேரி நடக்கும்போது எந்தப் பக்கம் இருந்து கேட்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் சொல்கிறேன். ஒலிபெருக்கியை விட்டு விலகி, வித்துவானின் இடக்கைப் பக்கமாக, பூவரசந் தடி தோலில் படுவது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருங்கள். யாழ்ப்பாணத்து இணுவிலில் எனக்கு இதைப் பழக்கியவர் அம்மப்பா. புகையிலைத் தோட்டத்தில் இறைப்பு முடித்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து இருந்தார் என்றால் வாசிப்பை முடிக்கும் கடைசித் தீர்மானம் விழும்வரை எழும்பமாட்டார்.

கலைஞரும் அறிவியலாளரும் கைவினைஞரும் ஒன்றாய் இருந்து சோதனை செய்யும் கூடங்கள் இன்று பல நாடுகளில் உண்டு. இசையமைப்பாளர் பியர் பூலேஸ் பாரிஸில் நிறுவி, 1977இல் திறக்கப்பட்ட இர்காம் அவற்றில் பேர்பெற்றது. அதைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இணுவில் கந்தசுவாமி கோயில் வீதியும் பரராசசேகரப் பிள்ளையார் கோயில் வீதியும்தான் நினைவில் வரும். ஒலியியல், கணக்கு, மரவேலை, தோல்வேலை, ஊர்ச் சனம் எல்லாம் ஒரு இரவில் கூடும் இடங்கள் அவை. அங்கே நடப்பதையும் சோதனை என்றே நினைத்துக் கேட்டுப் பாருங்கள். கேட்கும் விதமே மாறும்.

முதலில் கருவியைப் பாருங்கள். பலா மரத்தைக் குடைந்து செய்த கட்டை. வலப்பக்கம் வலந்தலை, இறுக்கி வைத்தது. இடப்பக்கம் தொப்பி, தளர்வானது. உட்புறம் பசை பூசியிருக்கும். வலக்கை விரல்களில் இருப்பவை துணியைப் பசையோடு சுற்றிக் காயவைத்து இறுகச் செய்த கூடுகள். முன்பு தோல் வாரால் இழுத்துக் கட்டினார்கள். இப்போது உருக்கு வளையமும் நட்டும் போல்ட்டும். வாசிப்புக்கு முன் வித்துவான் ஸ்பனரை எடுத்துத் திருகி, தட்டி, மறுபடி திருகுவதைக் கவனியுங்கள். அந்த இறுக்கத்தில்தான் இன்றைய தவிலின் கணீர் இருக்கிறது.

சி. வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் நம் தோற்கருவிகளைப் பற்றி எழுதினார். 1934இல் இன்னும் விரிவாக எழுதினார். வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. மிருதங்கம், தபேலா ஆகியவற்றின் தோலில் வைக்கும் கரணை என்ற கரிய பூச்சு அவற்றை ஒத்திசைய வைக்கிறது என்று காட்டினார். தவிலின் வலந்தலையில் அந்தக் கரணை இல்லை. ஆகவே மிருதங்கத்தின் இனிமையை இதில் தேடாதீர்கள். கூடு பட்ட கணத்தில் வெடித்து, உடனே ஓயும் சொல்லைக் கேளுங்கள். ஒன்று ஓய்ந்தால்தானே அடுத்தது தெளியும்! திறந்த வெளியில் நாதஸ்வரத்துக்கு ஈடுகொடுப்பதும் அந்தக் கூர்மைதான். வளைவும் குழைவும் வேண்டுமென்றால் அவை தொப்பியில் இருக்கின்றன. உங்களை அந்தப் பக்கம் இருக்கச் சொன்னது அதற்காகவே.

இனித் தாளம் போடக் கையை எடுங்கள். ஆதி தாளம், ஒரு சுற்றுக்கு 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் 32 மாத்திரை. 'தகதிமி தகஜணு' என்ற 8 மாத்திரையை மூன்று முறை வாசித்து, நடுவே இரண்டு தடவை நாலு மாத்திரை விட்டால் 8, 4, 8, 4, 8. கூட்டினால் 32, தாளம் தொடங்கிய இடமான சமத்திலேயே வந்து இறங்கும். இது தொடக்கப் பாடம். அடுத்து 'தகதகிட' என்ற ஐந்தை இரட்டித்துப் பத்தாக்குங்கள். மூன்று பத்து, நடுவே ஒவ்வொரு மாத்திரை. அதுவும் 32தான். ஆனால் காதுக்கு எவ்வளவு வேறு! ஐந்துகள் தாளத்தின் நாலுகளோடு முட்டிக்கொண்டே போகும். பிசகிவிட்டாரோ என்று நெஞ்சு பதறும். அந்த நேரம் பார்த்துச் சமத்தில் விழும். கை எண்ணிக்கொண்டிருந்தவருக்குத்தான் அந்தப் பதற்றமும் ஆறுதலும் கிடைக்கும். மற்றவருக்கு அது பெரிய சத்தம், அவ்வளவுதான்.

இணுவில் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாக 1933இல் பிறந்த தெட்சணாமூர்த்தி இந்தக் கணக்கைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர். தமிழ்நாட்டு மேடைகளிலும் யாழ்ப்பாணம் என்ற ஊர்ப் பெயரோடுதான் அறியப்பட்டார். 1975இல், நாற்பத்திரண்டு வயது நிறையுமுன்னே போய்விட்டார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருது பெற்றது. அவருடைய ஒலிப்பதிவு கிடைத்தால் இரண்டு முறை கேளுங்கள்: முதல் முறை தாளம் போட்டபடி, இரண்டாம் முறை இடக்கையை மட்டும்.

ஒன்று மனதில் கிடந்து உறுத்துகிறது. இந்தக் கலையைத் தலைமுறைகளாய்க் காத்த குடும்பங்களை, சாதியைச் சொல்லி வீட்டு விறாந்தைக்கு வெளியே நிறுத்திய ஊர்களும் எங்கள் ஊர்கள்தான். வாசிப்பை மெச்சிவிட்டு வாசித்தவரை மதிக்காமல் விட்டது பெரும் பிழை. வித்துவானின் பெயரைக் கேட்டறியுங்கள். அவர் யாரிடம் பழகினார் என்றும் கேளுங்கள். வாசிக்கும்போது கதைக்காதீர்கள். முன்வரிசையில் நாலு கைகள் சரியாகத் தாளம் போடுவதைக் கண்டால் அவர் துணிந்து ஒரு புதுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார். கேட்பவர் துணை இல்லாமல் அந்தச் சோதனை நடப்பதில்லை.

இரண்டு தவில் என்றால் இன்னும் விசேஷம். ஒருவர் வைத்ததை மற்றவர் வாங்கி, சொல்லையோ இடைவெளியையோ மாற்றித் திருப்பிக் கொடுப்பார். ஒருமுறை அப்படி ஒரு மறுமொழி நடக்கையில் அம்மப்பாவைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. தொடையில் தட்டிக்கொண்டிருந்த கை கடைசி மாத்திரைக்கு முன் அப்படியே அந்தரத்தில் நின்றது. தவில் விழுந்தது, கையும் விழுந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார்: "பெடியன் பத்தை ஒன்பதாக்கினவன், கண்டனியளே?"