ஆல்பர்ட்டின் அம்மா

நடத்தைவாதத்தைப் பாடமாகப் படித்தவர்களுக்குக் குட்டி ஆல்பர்ட்டைத் தெரியும். வெள்ளை எலியைத் தொடப்போன குழந்தையின் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். சில முறைகளுக்குப் பிறகு, ஓசையே இல்லாமல், எலியைக் கண்டதும் அழுதான். தூண்டல், துலங்கல், ஆக்கநிலையிறுத்தம். பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

1920இல் வெளியான அந்த ஆய்வுக்கட்டுரையில் இன்னொரு தகவலும் உண்டு. ஆல்பர்ட்டின் அம்மா அந்த மருத்துவமனையில் பிறர் குழந்தைகளுக்குப் பாலூட்டும் வேலை பார்த்தவர். அவர் பெயர் இல்லை. சம்மதித்தாரா என்பதும் இல்லை. ஏற்றிய பயத்தை நீக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள்.

கட்டுரையை எழுதியவர்கள் இருவர்: ஜான் வாட்சன், அவருடைய மாணவி ரோசலி ரெய்னர். நம் வகுப்பறைகளில் அது 'வாட்சன் சோதனை' மட்டுமே. அவர்களுடைய உறவு வெளியே தெரிந்ததும் வாட்சன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டு விலக நேர்ந்தது. அவர் விளம்பரத் துறையில் உயர்ந்தார். ரெய்னர் அவரை மணந்து தாயானார். ஆய்வு வாழ்க்கை அதோடு முடிந்தது.

1928இல் ரெய்னரின் உதவியோடு வாட்சன் குழந்தை வளர்ப்பு நூல் எழுதினார். கட்டியணைக்காதீர்கள், மடியில் வைக்காதீர்கள். முடியாவிட்டால் இரவில் நெற்றியில் ஒரு முத்தம், காலையில் கைகுலுக்கல். மகிழ்ச்சியான குழந்தையை வளர்க்கும் முதல் தாய்க்கு அந்த நூலைச் சமர்ப்பித்தார். அதுவரை வளர்த்த தாய்மார் அத்தனை பேரும் தோற்றவர்கள் என்றுதானே பொருள்?

பதில் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. 1930இல் ஒரு பத்திரிகையில் ரெய்னர் எழுதினார்: இந்த அறிவியலைச் சில இடங்களில் வணங்குகிறேன், சில இடங்களில் எதிர்க்கிறேன், பாச விஷயத்தில் என் பிள்ளைகள் கொஞ்சம் பலவீனமாகவே வளரட்டும் என்று உள்ளூர விரும்புகிறேன் என்ற பொருளில். ஐந்தாண்டுகளில், 36 வயதில் இறந்துபோனார்.

நடத்தைவாதத்தை முழுதாகத் தூக்கியெறிய எனக்கு மனமில்லை. பயம் கற்றுக்கொண்டது என்றால் அதைக் கைவிடவும் கற்கலாம். 'பெண் இயல்பிலேயே பயந்தவள்' என்பவர்களுக்குச் சொல்ல அதில் பதில் இருக்கிறது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் அதைத்தான் காட்டினார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் பிடித்ததைச் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். அஞ்சாத குழந்தைகளையும் உடன் இருக்கவைத்தார். பயம் போனது.

சோறும் துணையும் தந்து பயம் போக்குவது தாய்மாருக்குப் பழகிய வேலை. அதை ஜோன்ஸ் ஆய்வாக்கினார், வாட்சன் குற்றமாக்கினார். பாடநூலில் எது எத்தனை பக்கம் பெற்றிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.