நீகானும் கங்காணியும்: அகநானூறு 255ஐ மலைத்தோட்டத்திலிருந்து வாசித்தல்

தமிழரின் கடலோடும் திறனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு புறப்பாடல்களை நாடுவர். கரிகாலனின் முன்னோன் காற்றை ஏவல்கொண்டதாக வெண்ணிக்குயத்தியார் பாடியது ஒன்று (புறம். 66). வலவன் செலுத்தாத வானவூர்தியைக் குறிக்கும் உறையூர் முதுகண்ணன் சாத்தனாரின் பாடல் மற்றொன்று (புறம். 27). பின்னதைக் காட்டிப் பழந்தமிழர் விமானம் கண்டனர் என மேடைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் முடிவுகட்டுகின்றனர். புலவர் பாடும் புகழுடையோர் இறந்தபின் அடையும் பேற்றையே அப்பாடல் பேசுகிறது. பொறியியலுக்கு அங்கு இடமில்லை. ஓட்டுநர் இல்லை என்பதே அவ்வூர்தியின் சிறப்பாகவும் சொல்லப்படுகிறது. கலம் செலுத்தும் அறிவுக்கு ஓட்டுநரே இல்லாத ஊர்தியைச் சான்றாக்குவது முரண் அன்றோ?

அதே புலவர் அதே நலங்கிள்ளியைப் பாடிய புறம் 30 இதனினும் பயனுடையது. ஞாயிற்றின் செலவையும் காற்று இயங்கும் திசையையும் நேரில் சென்று அளந்தவர்போல் உரைப்போர் உளர் என அது தொடங்குகிறது; பாய் களையாமலும் பாரம் குறைக்காமலும் ஆற்றுமுகத்தில் புகும் பெருங்கலத்தில் முடிகிறது. விண்ணை அளப்போரும் கலத்தின் கூம்பும் ஒரே பாட்டில் நிற்பது தற்செயலாக நமக்குத் தோன்றவில்லை.

எனினும் வழியறிதலைத் தெளிவாகக் காட்டுவது மதுரை மருதனிளநாகனாரின் அகம் 255 ஆகும். உலகமே பெயர்ந்தெழுந்தாற்போன்ற வங்கம். இரவும் பகலும் அதனை உந்தும் காற்று. மாடத்து விளக்கொளியைக் கண்டு பக்கம் அறிந்து கலத்தைச் செலுத்தும் நீகான். கரையில் அறிந்த ஒரு புள்ளியைக்கொண்டு கலத்தின் திசையைக் கணிக்கும் முறை இது. காந்த ஊசியும் ரேடாரும் வந்தபின்னும் கடலோடிகள் இதனைக் கைவிடவில்லை. இவற்றையெல்லாம் கூறுபவள் கலத்தில் ஏறியவள் அல்லள் என்பதே நாம் நின்று நோக்க வேண்டியது. பொருள்வயிற் பிரிந்தவனை எண்ணிக் கரையில் வருந்தும் தலைவி அவள். அவனைக் கொண்டுசென்ற கலம் எவர் கையால், எதனைப் பார்த்துச் செலுத்தப்படுகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கடலில் வங்கத்தை உந்தும் காற்று பாட்டின் பிற்பகுதியில் வாடையாகி அவளை வருத்துகிறது. பிரிவுத்துயரும் கடலறிவும் இப்பாட்டில் பிரிக்க இயலாதவை.

இப்பாடலைக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களோடு சேர்த்து வாசிக்கும்போது வேறொரு வினா எழுகிறது. 1885இல் அம்மேட்டுநிலத்தைக் கண்ட நில அளவையாளர் வில்லியம் கேமரன் அதனைப் படத்தில் சரிவரக் குறிக்காது விட்டார். அவர் பெயரைப் பெற்ற மலையே பல்லாண்டுகள் திசையறியாத இடமாகக் கிடந்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இந்தியாவிலிருந்து உதவிபெற்று வந்த தொழிலாளர் குடியேற்றம் 1938இல் நிறுத்தப்பட்டது. ஆகவே தமிழகத்திலிருந்து நேரே இச்சரிவுகளுக்கு ஆள்சேர்க்கக் கிடைத்த காலம் பத்தாண்டுக்கும் குறைவு. அதன் நடுவே உலகப் பொருளாதார மந்தமும் வந்தது. வந்தோர் ஏறியவை ரஜூலா போன்ற நீராவிக் கப்பல்கள். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. கப்பலைச் செலுத்திய மேல்தளத்தில் அவர்களுக்கு இடமில்லை.

தோட்டப்புற வாய்மொழிப் பாடல்களில் கப்பல் உண்டு, துறைமுகம் உண்டு, ஆசைகாட்டி அழைத்துவந்த கங்காணியும் உண்டு. நாம் அறிந்தவரை மாலுமி இல்லை. நீகான் இருந்த இடத்தில் கங்காணி வந்து நிற்கிறான். (இரு சொற்களின் ஒலியொப்புமை கொண்டு வேர்த்தொடர்பு காட்டுவது நம் நோக்கமன்று.) கங்காணி வழியைக் காட்டுபவன் அல்லன், ஆளைக் கண்காணிப்பவன். இதனை அப்பாடல்களின் குறையெனக் கொள்ளலாகாது. தம் பயணத்தின் திசையைத் தாம் வகுக்காத மக்களின் பாட்டில் திசையறி கருவி இடம்பெறாமையே அவர்தம் நிலைக்குச் சான்று. ‘கடல் கடந்து வென்ற மரபின் தொடர்ச்சி’ என்று இப்பெயர்வைப் பாராட்டும் திறனாய்வு, சோழர் மரக்கலத்தையும் ரஜூலாவின் தளத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. அவ்வாறு ஒன்றாக்குவது தொழிலாளரைப் பெருமைப்படுத்துவது போலத் தோன்றினும், அவர்கள் இழந்ததைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது.

நவீன இலக்கியத்தில் இதற்கு மாறான சான்றும் உண்டு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் சுமத்திராவிலிருந்து பினாங்கு நோக்கிச் செல்லும் தொங்கான் புயலில் சிக்கும் பகுதி, கலத்தின் உறுப்புகளையும் மாலுமியின் செயலையும் உள்ளிருந்து அறிந்து எழுதப்பட்டது. அதிலுள்ள தமிழர் வணிகத் தொடர்புடையோர், தாமாகவே புறப்பட்டவர்கள். கடலை எவ்வளவு காண முடிந்தது என்பது எந்நிலையில் ஏறினர் என்பதைப் பொறுத்திருக்கிறது.

வகுப்பறையில் ஒரு சிறு இடர்ப்பாடும் உண்டு. ‘கூம்பு’ என்றால் தமிழ்ப்பள்ளி மாணவருக்குக் கணிதப் பாடத்து வடிவமே நினைவுக்கு வரும். பாய்மரம் என்ற பழம்பொருளை எடுத்துரைத்தல் வேண்டும். கேமரன் மலை மாணவர்க்கு அது கடினமன்று. சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளைக் கடந்து ஏறினால், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயர பிரிஞ்சாங் மலையுச்சியில் தொலைத்தொடர்புக் கம்பங்கள் நிற்கின்றன. அவற்றைக் காட்டிக் கூம்பை விளக்கலாம். மாடத்து விளக்கையும் அங்கிருந்தே தொடங்கலாம்.