தண்ணீர் கறுக்கும் தருணம்

ரேடியாலஜிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும், நரம்புகளின் மையலின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோயாளியின் ஃபிளேர் என்ற வகை எம்.ஆர். படம் திரையில் விரிந்தால், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

அதிலும் பக்கவாட்டு வெட்டு! மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தின் அடியிலிருந்து வெள்ளை வெள்ளையாக விரல்கள் மேல்நோக்கி நீளும். நுண்சிரைகளைச் சுற்றியே அழற்சி படர்வதால்தான் அந்த வடிவம். எடின்பரோவில் ஜேம்ஸ் டாசன் இதை 1916-இல் எழுதிவைத்தார். அவர் பார்த்தது இறந்தவர்களின் மூளையை, மைக்ராஸ்கோப்பில். நான் பார்ப்பது, இப்போதுதான் மெஷினிலிருந்து எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்ணின் மூளையை.

ஃபிளேரின் சூட்சுமம் அபாரமானது. சாதாரண டி2 வகை எம்.ஆர். படத்தில் இந்த நோய் விட்ட தழும்பும் வெள்ளை, மூளை அறைகளில் உள்ள நீரும் வெள்ளை. கரையோரத் தழும்பு நீரோடு நீராக மறைந்துவிடும். ஃபிளேரில், முதலில் ஒரு ரேடியோ துடிப்பு எல்லாவற்றின் காந்தத்தையும் தலைகீழாகப் புரட்டுகிறது. அது மெல்ல நிமிர்ந்து வரும். நீரின் காந்தம் பூஜ்யத்தைத் தொடும்வரை, 1.5 டெஸ்லா மெஷினில் இரண்டு விநாடிக்குச் சற்று மேல், பொறுத்திருந்து படம்பிடித்தால் நீர் கறுத்துப்போகும். தழும்பு பளிச்சென்று நிற்கும். 1992-இல் இதைத் தந்தது லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் கிரேம் பைடர் குழு. 1981-இல் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோயாளிகள் பத்துப் பேரை முதன்முதலில் எம்.ஆர். படம் எடுத்ததும் அதே இடம்தான். சி.டி.யில் தெரிந்தவை 19 தழும்புகள், எம்.ஆரில் கூடுதலாக 112! அந்த எண்ணைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றினால் இன்னொரு விந்தை. ரத்தக்குழாய்ச் சுவர் கசியும் புதுத் தழும்பு மட்டும் சில வாரங்களுக்கு ஒளிரும், பழையது ஒளிராது. ஒரே ஸ்கேனில் பழசும் புதுசும் தெரிந்தால், அடுத்த தாக்குதலுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று 2010-இல், இந்த நோயை உறுதிசெய்யும் மெக்டொனால்ட் விதிகளைத் திருத்தினார்கள். சிகிச்சை எத்தனை மாதம் முந்திவிட்டது, யோசித்துப் பாருங்கள்!

போன மாதம் ஒரு பையன், மூளையில் கட்டியோ என்ற பயத்தோடு வந்தான். கான்ட்ராஸ்ட் படத்தில் வளையம் ஒன்று ஒளிர்ந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். முழு வட்டம் இல்லை. மூளையின் புறணிப் பக்கம் வாய் திறந்த லாடம். மையலின் சிதைவில் வரும் வடிவம் அது. மறுபக்கத்தில் மூன்று விரல்கள். உடனே நியூராலஜி டாக்டருக்குப் போன் போட்டேன்.